ஆடு, நகை, சம்பந்தி

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் முகூர்த்த சீசனில் நகைக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தில், அன்று காலைதான் தெற்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்களையும் பார்க்கலாம். உள்ளே போனதும் இவர்கள் டிசைனைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன கழிப்பீர்கள் என்பதுதான் பேச்சு. ராமநாதபுரம் பக்கம் நாலைந்து ஏக்கர் மானாவாரி நிலம், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பாக்கி, ஆனாலும் கையில் சேர்ந்த பணத்துக்கு இரண்டு சவரன். கணக்குப் படித்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். வட்டி ஓடுகிற கடனை அடைக்காமல், வட்டியே தராத உலோகத்தை ஏன் வாங்க வேண்டும்? கிணற்றை ஆழப்படுத்தலாம். ஆடு வாங்கி விட்டாலும் குட்டி போட்டுப் பெருகுமே.

நகை ஆசை, சீர்வரிசை, ஊர் வழக்கம் என்று காரணம் சொல்லிவிடலாம். அவையும் உண்மைதான். ஆனால் பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக வறட்சிப் பகுதிக் குடும்பங்களின் வரவுசெலவைத் துருவிப் பார்த்துக் கண்டவற்றை வைத்துப் பார்த்தால், அந்த இரண்டு சவரனுக்குப் பின்னால் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, வறட்சி மற்ற நஷ்டங்களிலிருந்து எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் உழவு மாடு செத்துப்போகிறது. இன்னொரு வீட்டில் மோட்டார் எரிந்துபோகிறது. வேறொருவர் வரப்பில் வழுக்கிக் கையை முறித்துக்கொள்கிறார். இவை ஒரு குடும்பத்தை மட்டும் தாக்குபவை. தனி இடர் எனலாம். மழை பொய்ப்பது அப்படியல்ல. ஊரில் எல்லோருடைய வயலும் ஒரே வாரத்தில் வாடுகிறது. இது பொது இடர். இந்த வித்தியாசம் ஏலச்சீட்டுப் போடுகிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும். இருபது பேர் சேர்ந்த சீட்டில் ஒரு மாதம் ஒருவருக்கு அவசரம். தள்ளிக் கேட்டுப் பணத்தை எடுத்துக்கொள்கிறார், மற்றவர்களுக்குக் கழிவு கிடைக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் தவணை கட்டவே ஆள் இருக்காது. அவசரங்கள் வெவ்வேறு மாதங்களில் வருகிற வரைக்கும்தான் சீட்டு ஓடும்.

இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். என் வயலின் விளைச்சலுக்கும் பக்கத்து வயலின் விளைச்சலுக்கும் ஒட்டுறவு மிக அதிகம். அதனால் வறட்சியில் எனக்குக் கை கொடுக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போலவே கை பிசைந்துகொண்டு நிற்கிறார்.

இது ஊகம் இல்லை, அளந்து பார்த்த செய்தி. ஐதராபாத் அருகே பட்டன்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆய்வு நிறுவனம், இக்ரிசாட், 1975இல் ஒரு வேலையைத் தொடங்கியது. தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் மூன்று வறண்ட வட்டாரங்கள். வட்டாரத்துக்கு இரண்டு ஊர், ஊருக்கு 40 குடும்பம். ஆய்வாளர் அந்த ஊரிலேயே குடியிருப்பார். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், என்ன விதைத்தீர்கள், எத்தனை நாள் கூலிக்குப் போனீர்கள், எதை விற்றீர்கள், யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவார். மூன்று ஊர்களில் இது பத்தாண்டு விடாமல் நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும் கணக்கெடுப்பில் சிக்காததெல்லாம் இதில் சிக்கியது. போன மாதம் விற்ற ஆட்டை யாரும் மறப்பதில்லை. போன வருடம் வாங்கிய கைமாற்றைக் கொடுத்தவரைத் தவிர எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அந்தக் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு ராபர்ட் டவுன்சென்ட் என்ற பொருளியல் அறிஞர் 1994இல் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வீட்டின் வருமானம் சரிந்தால் அந்த வீட்டின் சாப்பாடும் அதே அளவு சரிகிறதா? பெரும்பாலும் இல்லை என்று பதில் வந்தது. ஒரு குடும்பம் சாப்பிடுவது அதன் சொந்த வருமானத்தைவிட ஊரின் சராசரியோடு அதிகம் சேர்ந்து நகர்ந்தது. தனி இடரை ஊர் தாங்கிப் பிடிக்கிறது: கைமாற்று, கூலியில் முன்பணம், உறவு முறை. இந்தப் பாதுகாப்பும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. ஓர் ஊரில் நிலமற்றவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது. ஆனால் ஊரின் சராசரியே கீழே இறங்கும்போது அதைத் தாங்க ஊருக்குள் யாரும் இல்லை.

ஆகவே வறட்சியைச் சமாளிக்க விரும்பும் குடும்பத்துக்குத் தேவை, தன் ஊர் மழையோடு சேர்ந்து சரியாத ஏதோ ஒன்று. இனி ஆட்டையும் நகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆடு நடமாடும் வங்கி என்பார்கள். நல்ல வருடத்தில் அது சரிதான். எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். தீபாவளிக்கு முந்தைய சந்தையில் கிடாய்க்கு நல்ல விலை போகும். மழை பொய்த்த வருடத்தில் நடப்பது வேறு. மேய்ச்சல் இல்லை, ஆடு எலும்பும் தோலுமாகிறது, அதே நிலையில் இருக்கிற பத்து ஊர்க்காரர்களும் ஒரே வாரம் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வியாபாரி விரலைத் துண்டுக்குள் மறைத்துச் சொல்கிற விலை வாராவாரம் இறங்கும். அரிசி விலை இறங்காது. 1970களின் தொடக்கத்தில் எத்தியோப்பியப் பஞ்சத்தில் மேய்ச்சல்காரர்களை வீழ்த்தியவற்றில் இந்த இடுக்கியும் ஒன்று என்று அமர்த்திய சென் 1981இல் எழுதினார். கால்நடை செத்தது போக, மிஞ்சிய கால்நடையை விற்று வாங்க முடிந்த தானியமும் சுருங்கிப்போனது.

ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 1980களின் வறட்சியை ஆராய்ந்த மூவர் 1998இல் வெளியிட்ட கணக்கு இன்னும் வியப்பானது. மழை பொய்த்ததால் குறைந்த வருமானத்தில் கால்நடை விற்பனை ஈடுகட்டியது அதிகபட்சம் 30 சதவீதம். 15 சதவீதத்துக்கு அருகில்தான் இருக்கக்கூடும். ஆடுமாடு கொட்டிலில் நிற்க, குடும்பம் வயிற்றைக் குறைத்துக்கொண்டது. முட்டாள்தனம் என்று சொல்லத் தோன்றும். இந்த விலைக்கு விற்பதைவிட ஒருவேளை பட்டினி கிடந்து ஆட்டைக் காப்பாற்றினால் அடுத்த மழைக்குப் பிறகு பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்காக இருந்திருக்கலாம். உழவு மாட்டின் கதை இதற்கு நேர் எதிர், அதிலும் வலி உண்டு. இக்ரிசாட் ஊர்களில் கெட்ட வருடங்களில் காளைகளை விற்றார்கள். அடுத்த மழை வந்தபோது உழ மாடில்லை. வேறு வழியில்லாமல், அடுத்த வருட வருமானத்தையும் இந்த வருடமே விற்றாயிற்று.

நகைக்கு இந்த இரண்டு நோயும் கிடையாது. தங்கத்தின் விலையை லண்டன் சந்தையும் ரூபாயின் மதிப்பும் தீர்மானிக்கின்றன. கமுதியில் மழை பெய்ததா என்று அவை பார்ப்பதில்லை. பத்து ஊர்க்காரர்கள் ஒரே நாளில் அடகுக் கடைக்குப் போனாலும் கிராம் விலை அசையாது. கழுத்தில் கிடக்கும் சங்கிலி உழுவதற்குத் தேவைப்படுவதும் இல்லை. விற்க வேண்டிய அவசியமும் இல்லை, அடகு வைத்தால் போதும். ரிசர்வ் வங்கி விதித்த வரம்பு நெடுங்காலம் நகை மதிப்பில் 75 சதவீதமாக இருந்தது. ஒரு சவரனாகிய 8 கிராமை வைத்தால் முக்கால் பங்கு கைக்கு வரும், நல்ல மகசூல் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம். நகைக்கு எதிராகக் கடன் தருவதையே பெருந்தொழிலாகக் கொண்ட நிதிகள் நகரத்திலும் பழையவை. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது.

நகையைப் புகழ்ந்து முடித்துவிட எனக்கு மனமில்லை. மழை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்தால் வட்டி ஏறி, நகை ஏலத்துக்குப் போகும். அடகுக்குப் போவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் நகை. ரசீது ஆண் பெயரில் இருக்கும். தவிர, பயமே ஒரு செலவு. ஹான்ஸ் பின்ஸ்வாங்கரும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 1993இல் அதே இக்ரிசாட் தரவைக் கொண்டு காட்டியது இது: மழை நிச்சயமில்லாத இடத்தில் ஏழை விவசாயிகள் லாபம் குறைவான, ஆனால் பத்திரமான வழிகளில் முதலைப் போடுகிறார்கள். வசதியானவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. மழை நன்றாகப் பெய்கிற வருடத்திலும் ஏழை வறட்சிக்கான விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

சம்பந்திக்கு வருவோம். 1989இல் ரோசன்ஸ்வைக், ஓடெட் ஸ்டார்க் இருவரும் வெளியிட்ட கட்டுரையைக் கல்யாணத் தரகர்கள் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்கள். வருமானம் வருடத்துக்கு வருடம் அதிகம் ஊசலாடும் குடும்பங்கள் பெண்ணைத் தூரத்தில் கட்டிக்கொடுத்தன. அப்படித் தூரத்தில் சம்பந்தம் வைத்திருந்த குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவு கெட்ட வருடத்திலும் அவ்வளவு ஆட்டம் காணவில்லை. ஊர்களுக்கு இடையே தூரம் கூடக்கூட அவற்றின் மழைக்கு இடையேயான ஒட்டுறவு குறைகிறது. சம்பந்தி வீட்டில் மழை பெய்திருந்தால் ஒரு மூட்டை வந்து சேரும். மறு வருடம் திசை மாறும். யாரும் மழைமானியைப் பார்த்து மாப்பிள்ளை தேடுவதில்லை என்று ஆசிரியர்களிடம் சொல்லலாம். காரணம் எதுவானாலும் விளைவு கணக்கில் தெரிகிறது.

நம் பக்கம் அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கியபோது தூரம் குறைவாக இருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஓர் அனுகூலம் உண்டு. ராமநாதபுரம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. செங்கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையிலும் பங்கு உண்டு. மலை ஓரத்தில் ஒரு சம்பந்தம் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பருவமழை.

கிலோமீட்டர் கணக்கு ஓர் அளவுக்குத்தான் உதவும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அன்றைய 32 மாவட்டங்களையும் அரசு வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அப்படிப்பட்ட வருடத்தில் சம்பந்தி தஞ்சாவூரில் இருந்தால் என்ன, திருவள்ளூரில் இருந்தால் என்ன? மழையிலிருந்து தப்ப ஊர் மாறினால் போதாது, தொழில் மாற வேண்டும். ரங்கநாதன் தெருவின் ஜவுளி, பாத்திரக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிற பையன்களிலும் பெண்களிலும் ஏராளமானோர் தென்மாவட்ட மானாவாரி ஊர்களிலிருந்து வந்தவர்கள். வசந்தபாலன் 2010இல் எடுத்த அங்காடித் தெரு அவர்கள் வாழ்க்கையைப் பற்றியது. அந்த வேலையின் கஷ்டத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாதாமாதம் ஊருக்குப் போகிற அந்தப் பணத்தின் குணம் தங்கத்தின் குணம்தான்: வயல் காய்ந்த மாதத்திலும் வருகிறது. அது முழுக்கவும் மழையிலிருந்து விடுபட்டது என்றும் சொல்ல முடியாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது இதே நகரத்தில் உணவகங்கள் தண்ணீரில்லாமல் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. (இந்தத் தி. நகரே 1920களில் ஒரு பாசன ஏரியை வடித்துவிட்டு அதன் படுகையில் கட்டிய பேட்டை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை.)

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு நல்ல பெயர் கிடையாது: சீமைக்கருவேலம். நிலத்தைக் கெடுக்கும் மரம் என்று நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. கெடுதல் உண்மைதான். ஆனால் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் விதைத்தது கருகிய வருடத்தில் பலர் செய்வது இந்த மரத்தை வெட்டி மூட்டம் போடுவது. விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிட்டால் கரி. அந்த வருட மழையைக் கேட்காமல் வளர்கிற மரம், வெளியூரில் விலை போகிற சரக்கு. மரத்தை ஒழிக்கச் சொல்கிறவர்கள் மூட்டம் போடுகிறவருக்கு அந்த வருடம் வேறு என்ன வேலை என்றும் சொல்ல வேண்டும்.

இத்தனையும் குடும்பங்கள் தாங்களே செய்துகொள்பவை. அரசு செய்வதில் மிகப் பழையது மயிலாப்பூர்வாசிகளின் கண்ணெதிரே ஓடுகிறது, ஓடுவதாகச் சொல்ல முடிந்தால். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்க் கால்வாய் 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாயை ஒட்டியே இன்று பறக்கும் ரயில் திருமயிலையைக் கடக்கிறது. அந்தப் பஞ்சத்தில் வேலைக்கு வந்தவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் என்று எதிர்த்தார்; சில மாதங்களில் கூலி உயர்ந்தது.

கூலி கொடூரமானது. ஆனால் அதன் அடியில் இருந்த யோசனை பிழைத்துக்கொண்டது. வெயிலில் மண் வெட்டுகிற வேலையை யார் கேட்டாலும் கொடுத்தால், உண்மையில் தேவைப்படுகிறவர்தான் வருவார். யார் ஏழை என்று அதிகாரி தேடிப் போக வேண்டாம். 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டத்திலும் இந்த யோசனை இருந்தது. கூலி வெளியூர்க் கஜானாவிலிருந்து வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். 2017 வறட்சியில் நூறு நாளை 150 ஆக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

பயிர்க் காப்பீட்டைக் கடைசியாக வைத்திருக்கிறேன், அதற்குள் ஓர் அழகான அளவைச் சிக்கல் ஒளிந்திருப்பதால். பொது இடரைச் சுமக்க ஊரால் முடியாது, நாடு முழுவதும் பரவிய காப்பீட்டால் முடியும். இங்கே காய்ந்தால் அங்கே விளையும். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீப் பருவத்துக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு 1.5, மீதியை அரசுகள் கட்டுகின்றன. இழப்பை எப்படி அளப்பது? ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்க்க முடியாது. பார்த்தால் பயிரைக் காயவிட்டுப் பணம் வாங்கவும் ஆள் வரும். அதனால் கிராமத்தின் சராசரி விளைச்சலை அளக்கிறார்கள். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு சில வயல்களையும், வயலுக்குள் ஓர் இடத்தையும் தேர்ந்து, நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிக் குறிக்கிறார்கள். அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர்.

ஏன் 25 சதுர மீட்டர்? 1940களில் கல்கத்தாவின் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களே போதும் என்றார். இன்னொரு புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே சோதனை வைத்துப் பார்த்து, வட்டம் சிறியதாக ஆக விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டினார். கோட்டின் மேல் நிற்கிற தூர் உள்ளேயா, வெளியேயா? அறுக்கிறவர் கை, நல்ல தூர் என்றால் உள்ளே சேர்த்துக்கொள்ளும். சிறு வட்டத்தில் பரப்பைவிடக் கோட்டின் பங்கு அதிகம், அதனால் பிழையும் அதிகம். மொத்த நாட்டின் உற்பத்தியைக் கணக்கிட எழுந்த அந்தப் பழைய தகராறு இன்று விவசாயியின் பையைத் தொடுகிறது. விளைச்சல் கூடுதலாகத் தெரிந்தால் இழப்பீடு குறையும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நடக்கிற வாக்குவாதத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு ஓட்டை சராசரியிலேயே இருக்கிறது. ஊர் சராசரி நன்றாக வந்து, கண்மாயின் கடைமடையில் இருக்கிற என் வயல் மட்டும் காய்ந்திருந்தால் எனக்குப் பணமில்லை. அளவுகோலுக்கும் என் நிஜ நஷ்டத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அலகு சிறிதாகச் சிறிதாகக் குறைக்கலாம்; பரிசோதனைகளின் எண்ணிக்கை அதே கதியில் ஏறும்.

பரிசோதனை சரியாகவே நடந்தாலும், பணம் போகிற வழியைச் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகள் முடிவு செய்கின்றன. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் யார் சாகுபடி என்று எழுதுகிறாரோ அவர்தான் விவசாயி. வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர் பெயர் அதில் ஏறுவது சுலபமில்லை. 1955இன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து நிலக்காரர் அதை எழுத விடமாட்டார். விதை, உழவு, உரம் எல்லாம் குத்தகைக்காரர் செலவு. இழப்பீடு நிலக்காரர் கணக்கில் ஏறினால், அதில் எவ்வளவு குத்தகைக்காரர் கைக்கு வரும் என்பது அவர்கள் இருவரும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.